ஊதா மையில் ஓர் ஒன்று

மாநிலங்களவைத் தேர்தலின் வாக்குச்சீட்டு உங்கள் கைக்கும் என் கைக்கும் வராது. அதில் சின்னம் கிடையாது. வேட்பாளர்களின் பெயர்களும், எதிரே எண் எழுத ஒரு கட்டமும்தான். தமிழ்நாட்டில் அதைத் தொடும் உரிமை 234 எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டுமே. ஆனாலும் அந்தச் சீட்டின் பயணம் கோட்டையில் தொடங்குவதில்லை. சட்டமன்றத் தேர்தலன்று உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் நீங்கள் அழுத்திய பொத்தானில் தொடங்குகிறது.

நாடாளுமன்றத்துக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. மக்களவை நேர்வழி: 543 தொகுதிகள், 25 வயது நிரம்பிய வேட்பாளர்கள், யாருக்கு அதிக ஓட்டோ அவர் எம்.பி. ஐந்து ஆண்டில் அவை கலையும். மாநிலங்களவை சுற்றுவழி. அரசமைப்புச் சட்டம் 250 பேர் வரை அனுமதிக்கிறது. இப்போதைய இடங்கள் 245. அதில் 233 பேரை மாநிலங்களின் எம்.எல்.ஏ.க்களும், டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீர் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவையில் பெயர் பெற்ற 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். இந்த அவைக்குக் கலைப்பு என்பதே இல்லை. உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். மாநிலங்களுக்குச் சம இடம் இல்லை. மக்கள்தொகையை ஒட்டித்தான் பங்கீடு. உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு ஒன்று.

இப்படி ஓர் அவை எதற்கு என்ற கேள்வி அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. அதற்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் தஞ்சாவூர்ச் சீமையைச் சேர்ந்த என். கோபாலசாமி அய்யங்கார். வேகத்தில் பிறக்கும் சட்டங்களைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைக்க ஓர் அவை வேண்டும் என்பது அவர் வாதம். 1952 மே 13 அன்று அந்த அவை முதன்முதலாகக் கூடியது.

இனி சீட்டின் கதை. இடங்கள் காலியாகப் போகின்றன என்றதும் தேர்தல் ஆணையம் தேதி குறிக்கிறது. வேட்பாளருக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பத்து எம்.எல்.ஏ.க்கள் அவரை முன்மொழிய வேண்டும். அந்த மாநிலத்து வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதி 2003இல் போய்விட்டது. இந்தியாவில் எங்கே வாக்குரிமை இருந்தாலும் எந்த மாநிலத்திலிருந்தும் நிற்கலாம்.

பெரும்பாலான முறை சீட்டுக்கு அங்கேயே ஆயுள் முடிந்துவிடுகிறது. காரணம் கணக்கு. சட்டமன்றத்தின் 234 பேரும் ஓட்டுப் போட்டு ஆறு இடம் நிரம்ப வேண்டுமென்றால் ஒருவர் ஜெயிக்க 34 எம்.எல்.ஏ.க்கள் போதும். தங்களிடம் எத்தனை முப்பத்து நான்குகள் உள்ளன என்பது ஒவ்வொரு கட்சிக்கும் முன்பே தெரியும். அதற்கு மேல் ஆளை நிறுத்தினால் வீண் செலவு. 2025இல் ஆறு பேரும் போட்டியின்றித் தேர்வானார்கள். சீட்டுக்கு வேலையே இருக்கவில்லை. 2013இல் ஆறு இடத்துக்கு ஏழு பேர் நின்றார்கள். திமுகவின் கனிமொழிக்கும் தேமுதிகவின் இளங்கோவனுக்கும் கடைசி இடத்துக்குப் போட்டி. அன்று சீட்டு கோட்டைக்கு வந்தது, கனிமொழி வென்றார்.

போட்டி என்று வந்துவிட்டால் எம்.எல்.ஏ. எண் எழுத வேண்டும்: முதல் விருப்பத்துக்கு 1, அடுத்தவருக்கு 2, பிறகு 3. தமிழ் எண்ணான ௧ போட்டாலும் செல்லும். 'ஒன்று' என்று எழுத்தால் எழுதினால் செல்லாது. பேனாவைக்கூடத் தேர்தல் அதிகாரிதான் தருகிறார். 2016இல் ஹரியானாவில் பத்துக்கும் மேற்பட்ட காங்கிரஸ் வாக்குகள் மை மாறிப்போனதால் தள்ளுபடியாகி, தேர்தல் முடிவே புரண்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் ஊதா மை ஸ்கெட்ச் பேனா.

எழுதியாயிற்று; உடனே பெட்டியில் போட்டுவிட முடியாது. நம்மில் யாரும் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று காட்டத் தேவையில்லை, காட்டவும் கூடாது. மாநிலங்களவைத் தேர்தலில் நேர் எதிர். கட்சி எம்.எல்.ஏ. தன் சீட்டைத் தன் கட்சியின் அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் காட்டிய பிறகே பெட்டியில் போட வேண்டும். காட்ட மறுத்தால் ஓட்டு ரத்து. வேறு யாரிடமாவது காட்டினாலும் ரத்து. ஓட்டுகள் பணத்துக்கு விலைபோகின்றன என்ற புகாரால் 2003இல் வந்த மாற்றம் இது. 2006இல் குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த மாற்றம் செல்லும் என்றது. அதே சமயம், கட்சி மாறி ஓட்டுப் போட்டதற்காக மட்டும் கட்சித் தாவல் சட்டப்படி பதவி பறிபோகாது. கட்சி வேண்டுமானால் நடவடிக்கை எடுக்கலாம்.

எண்ணும் மேஜையில் ஒவ்வொரு சீட்டுக்கும் மதிப்பு 100. செல்லத்தக்க சீட்டுகளின் மொத்த மதிப்பை, காலி இடங்களோடு ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்து, ஈவோடு ஒன்றைச் சேர்த்தால் ஜெயிக்கத் தேவையான அளவு வரும். முதல் விருப்பத்தில் அதைத் தாண்டியவரின் உபரி மதிப்பு, சீட்டில் 2 என்று குறிக்கப்பட்டவருக்குப் போகும். யாரும் எட்டாதபோது கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள்.

ஒரு சீட்டு எவ்வளவு கனம் என்பதை 2017 ஆகஸ்ட் 8 அன்று குஜராத்தின் காந்திநகர் காட்டியது. மூன்று இடம், நான்கு வேட்பாளர்கள், 176 எம்.எல்.ஏ.க்கள். அப்படியே எண்ணியிருந்தால் தேவையான அளவு 4401. காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் இருவர் தங்கள் சீட்டைக் காட்டக்கூடாதவரிடம் காட்டினார்கள் என்று காங்கிரஸ் புகார் கொடுத்தது. காங்கிரஸ், பாஜக இரு கட்சித் தலைவர்களும் டெல்லியில் தேர்தல் ஆணையத்தின் வாசலில் ஏறி இறங்கினார்கள். நள்ளிரவை ஒட்டி அந்த இரண்டு ஓட்டும் செல்லாது என்று ஆணையம் அறிவித்தது. மீதி 174, தேவையான அளவு 4351 ஆனது. பாஜகவின் அமித் ஷாவுக்கும் ஸ்மிருதி இரானிக்கும் தலா 46 ஓட்டு. காங்கிரஸின் அகமது படேலுக்கு 44, அதாவது 4400. பழைய கணக்கில் அவருக்கு ஒரு புள்ளி குறைவு. இரண்டாம் விருப்பங்களைப் புரட்ட வேண்டியிருக்கும். புதிய கணக்கில் முதல் சுற்றிலேயே ஜெயித்தார்.

இப்படி வந்து சேர்பவர்களால் என்ன ஆகும்? பண மசோதாவில் மாநிலங்களவையின் கை கட்டப்பட்டிருக்கிறது. 14 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம், ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் இஷ்டம். சாதாரண மசோதாவில் முட்டிக்கொண்டால் கூட்டுக் கூட்டம் நடத்தலாம். 1961, 1978, 2002 என மூன்று முறைதான் ஒரு மசோதா அப்படி நிறைவேறியது. அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த அந்தக் குறுக்குவழி இல்லை. இரண்டு அவையும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தர வேண்டும். தேச நலன் கருதி மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு பொருள் குறித்து நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டுமானால், அந்தக் கதவைத் திறக்கும் அதிகாரமும் மாநிலங்களவைக்கே உண்டு.

1962இல் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். அதே தேர்தலில் திமுக 50 தொகுதிகளில் வென்றது. அந்த 50 பேரின் பலத்தில் அண்ணா மாநிலங்களவைக்குப் போனார். காஞ்சிபுரம் அனுப்பாதவரை மற்ற ஊர்கள் டெல்லிக்கு அனுப்பின. அந்த ஊர்களில் ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் அதை நினைத்துப் போட்டிருப்பார்கள்?

ஒரு சட்டமன்றத்தின் ஐந்து ஆண்டில் இப்படி இரண்டு மூன்று முறை மாநிலங்களவைக்கு ஆள் அனுப்புகிறோம். நம் பெயரில்தான் அனுப்புகிறார்கள், நம்மைக் கேட்பதில்லை. பெரும்பாலும் போட்டிகூட இல்லாமல், தலைமையின் அறிவிப்போடு விஷயம் முடிந்துவிடுகிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் சட்டமன்ற வேட்பாளரிடம் சாலை, குடிநீர், ரேஷன் பற்றிக் கேட்ட கையோடு, உங்கள் கட்சி மாநிலங்களவைக்கு யாரை அனுப்பும், எதற்காக அனுப்பும் என்றும் கேளுங்கள்.