சாலையில் பேசும் வானொலி

விருத்தாசலத்திலிருந்து சேலம் நோக்கிப் பீங்கான் சாமான்களை ஏற்றிக்கொண்டு இரவில் செல்லும் ஒரு லாரியை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். சாமான்கள் வைக்கோலுக்குள் பொதிந்திருக்கின்றன. திடீரென்று பிரேக் போட்டால் பாதி உடைந்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் சாலை நடுவே பசுந்தழையோடு ஒரு மரக்கிளையும் அதன் பின்னே இரண்டு கற்களும் தெரிகின்றன. ஓட்டுநர் உடனே வேகத்தைக் குறைக்கிறார். முன்னே ஒரு வண்டி பழுதாகி நிற்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதுபோலவே, முன்னால் செல்லும் வண்டி வலப்பக்க விளக்கைச் சிமிட்டினால் "முந்திக்கொண்டு போ" என்று பொருள். எதிரே வருபவர் முகப்பு விளக்கை மினுக்கினால் "பார்த்து வா" என்று பொருள்.

எந்தப் பள்ளியிலும் கற்பிக்காத இந்த மொழி மிக நல்ல மொழிதான். ஆனால் அது கண்ணுக்கெட்டும் தூரம் வரைதான் செல்லும். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் புளியமரம் விழுந்து பாதை அடைபட்டிருப்பதை மரக்கிளை சொல்லாது. அதைச் சொல்வதற்கென்றே அமைந்தது போன்ற ஒரு கருவி வேறொரு நாட்டில் லட்சக்கணக்கான லாரிகளில் ஏறியது. 'சிட்டிசன்ஸ் பாண்டு' எனப்படும் பொதுமக்கள் வானொலி அது, சுருக்கமாக சி.பி. என்பார்கள். அது ஏன் நம் சாலைக்கு வரவில்லை என்பதும் ஒரு சுவையான வரலாறு.

அமெரிக்காவில் 1945இலேயே பொதுமக்களுக்கென்று ஓர் அலைவரிசையை ஒதுக்கினார்கள். அது 460 மெகா ஹெர்ட்ஸில் இருந்தது. அக்காலத்து வால்வுகளைக் கொண்டு அந்த அலைவெண்ணில் மலிவான கருவி செய்ய முடியவில்லை. ஆகவே திட்டம் பெயரளவில் நின்றது. 1958இல் 27 மெகா ஹெர்ட்ஸ் அருகே 23 தடங்களைத் திறந்துவிட்டார்கள். அப்போதும் சிறு வணிகர்களும் உழவர்களுமே பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். பிறகு 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. டீசலுக்குத் தட்டுப்பாடு, வேகமும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர் என்று குறைக்கப்பட்டது. எந்த நிலையத்தில் டீசல் கிடைக்கும், எங்கே போலீஸ் மறைந்து நிற்கிறது என்பதை லாரி ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் சி.பி.யில் சொல்லிக்கொண்டார்கள். 1973 டிசம்பரில் அவர்கள் நெடுஞ்சாலைகளை மறித்துப் போராடியபோது ஆள் திரட்டியதும் இக்கருவிதான். சட்டத்தை ஏய்க்கப் பயன்பட்டதால்தான் அது பரவியது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை! 1977 ஜனவரி முதல் தடங்கள் 40 ஆயின. 9ஆம் தடம் ஆபத்து உதவிக்கு. 19ஆம் தடம் வழக்கத்தால் லாரிக்காரர்களுடையதாயிற்று. உரிமங்களை வழங்கி மாளாமல் 1983இல் தனியாள் உரிமமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

இக்கருவியின் உள்ளே சற்று எட்டிப் பார்ப்போம். விருத்தாசலத்துக்காரர்களுக்கு அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள். நெய்வேலிப் பகுதியின் வெண்களிமண்ணும் செராமிக் தொழிற்பேட்டையின் சூளைகளும் செராமிக் தொழில்நுட்பக் கல்விக்கூடமும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. களிமண், குவார்ட்சு, பெல்ஸ்பார் மூன்றையும் கலந்து சுட்டால் மின்கம்பத்துப் பீங்கான் கிடைக்கிறது. வீட்டு மின்சாரத்துக்கு அது சிறந்த காப்பு. ஆனால் நொடிக்கு 2 கோடியே 70 லட்சம் முறை முன்னும் பின்னுமாக அலையும் வானொலி மின்னோட்டத்துக்கு அது முற்றும் ஏற்றதன்று. பெல்ஸ்பாரிலுள்ள சோடியம், பொட்டாசியம் அயனிகள் கண்ணாடிப் பகுதிக்குள் அசைந்து ஆற்றலை வெப்பமாக விழுங்கிவிடுகின்றன. இதற்கு மாற்றாக வந்தது 'ஸ்டியடைட்' என்னும் பீங்கான். அதன் மூலப்பொருள் என்ன தெரியுமா? நம் பாட்டிமார் குழம்பு வைத்த கல்சட்டியின் மாக்கல்தான்! மாக்கல் தூளில் சிறிது களிமண்ணும், பெல்ஸ்பாருக்குப் பதில் பேரியம் கார்பனேட்டும் சேர்த்துச் சுட்டால் ஆற்றலை மிகக் குறைவாக விழுங்கும் காப்புப்பொருள் கிடைக்கும். ஏரியலின் அடிக்கட்டையிலும் சுருள்களின் தாங்கிகளிலும் இடம்பெற்றது இது.

இன்னும் இரு உறவினர்கள் உண்டு. ஒன்று பேரியம் டைட்டனேட்டு. சாதாரணப் பீங்கானின் மின்காப்பு மாறிலி 6 அளவில் இருக்க, இதற்கு ஆயிரத்துக்கும் மேல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கா, சோவியத் நாடு, ஜப்பான் மூன்றிலும் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். விரல்நகத்தினும் சிறிய மின்தேக்கிகள் வர இதுவே காரணம். மற்றொன்று ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைச் சேர்த்துச் சுட்ட பீங்கான். மின்னழுத்தம் தந்தால் இது அதிரும். அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும். சி.பி. தடங்கள் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் 10 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கியிருப்பவை. பக்கத்துத் தடத்துப் பேச்சு புகாமல் வடிகட்டும் வேலையை ஏற்பியில் இந்தப் பீங்கான் வில்லைகள் செய்கின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வானொலி ஆர்வத்தில் தமிழகம் பின்தங்கியிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் 1924 மே மாதம் தொடங்கியது. ஜூலை 31 முதல் வெறும் 40 வாட் கருவியால் ஒலிபரப்பியது. பணமில்லாமல் 1927இல் அது நின்றபோது கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று, 1930 ஏப்ரல் முதல் ஒலிபரப்பை நடத்தியது. ஆனால் 1933இல் வந்த இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி வானொலிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. பாட்டுக் கேட்கும் பெட்டிக்கே அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டிய காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேசும் கருவி வேண்டுமென்றால் போலீசாக இருக்க வேண்டும், அல்லது தேர்வெழுதி அமெச்சூர் உரிமம் பெற வேண்டும். லாரி ஓட்டுநருக்கு இரண்டுமே எட்டாதவை. எல்லைப் பாதுகாப்பைக் கருதிய அச்சம் நியாயமானதே. ஆயினும் ஐந்து வாட் கருவிக்கும் அதே பூட்டைப் போட்டது மிகை என்பது என் கருத்து.

அந்தப் பூட்டு 2005இல்தான் திறந்தது. 26.957 முதல் 27.283 மெகா ஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மேற்படாத கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசு விதி செய்தது. அதற்குள் கைபேசி ஓட்டுநர்களின் சட்டைப்பைக்கு வந்துவிட்டிருந்தது. வந்த விருந்தாளியை வரவேற்க வீட்டில் ஆளில்லை.

கைபேசி இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மின்சாரம் இல்லாமல் பல இடங்களில் கைபேசிக் கோபுரங்களும் ஊமையாயின. 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானிலிருந்து முதல் செய்திகளை வெளியே கொணர்ந்தவர்களில் ஒருவர் அப்போது போர்ட் பிளேரில் இருந்த அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாத். கோபுரத்தை நம்பாமல் கருவிக்குக் கருவி நேரே பேசுவதன் பயன் அத்தகைய நாள்களில்தான் தெரிகிறது.

ஆகவே, கருவி வாங்க நினைப்பவர் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் தடங்கள். அமெரிக்கக் கருவியில் 40 தடங்கள் இருக்கும். 27ஆம் தடம் 27.275 மெகா ஹெர்ட்ஸ், 28ஆம் தடம் 27.285. நம் எல்லையோ 27.283. எனவே 28 முதல் 40 வரையுள்ள தடங்கள் நம் விதிக்கு வெளியே கிடப்பவை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தார் என்று அப்படியே பொருத்திவிடக் கூடாது. கருவிக்கு அரசின் வகை ஒப்புதல் உண்டா என்பதையும், வெளியே ஏரியல் பொருத்த இடமுண்டா என்பதையும் வாங்கும் நாளில் உள்ள விதிகளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மின்சாரம். கருவி 12 வோல்ட்டில் ஓடுவது. பெரிய லாரிகளில் 24 வோல்ட். இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுத்துச் சமாளிப்பவர் உண்டு. அந்தப் பேட்டரி தேய்ந்து, மற்றது மிகையாகச் சார்ஜ் ஆகி, இரண்டும் கெடும். இடையே மாற்றி ஒன்று வைப்பதே முறை. டீசல் எஞ்சினில் பொறிச்செருகி இல்லாததால் பெட்ரோல் காரில் கேட்கும் படபடப்பு ஓசை இராது; மின்னாக்கியின் கீச்சொலி மட்டும் வரலாம். கம்பியை நேரே பேட்டரியில் இணைத்தால் அது பெரிதும் அடங்கும்.

கருவிக்குக் கொடுக்கும் பணத்தைவிட ஏரியலுக்குக் கொடுக்கும் கவனமே பெரிது. 27 மெகா ஹெர்ட்ஸின் அலைநீளம் 11 மீட்டர். கால் அலை ஏரியல் ஏறக்குறைய 2.75 மீட்டர். லாரியின் தலைமேல் அதை நட்டால் புளியங்கிளைகளும் மின்கம்பிகளும் விடமாட்டா. ஆகவே ஒரு மீட்டர் கம்பியின் அடியில் சுருள் ஒன்றைச் சேர்த்து நீளக்குறையை ஈடுசெய்கிறார்கள். கம்பிக்கு மறுபாதியாக வேலை செய்வது வண்டியின் இரும்புக் கூரை. காரின் கூரை நடுவில் பொருத்தினால் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். மரச்சட்டத்தில் தகடு அறைந்து கட்டிய பழைய லாரிக் கூண்டிலோ தகடுகள் ஒன்றோடொன்று மின்தொடர்பின்றி இருக்கலாம். அவற்றைச் செப்புப் பட்டையால் சேசிசோடு இணைக்காவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் முணுமுணுக்கும்.

பொருத்திய பின் நிலையலை அளவியைக் கருவிக்கும் ஏரியலுக்கும் நடுவே வைத்து, அனுமதியுள்ள தடங்களில் முதலாவதிலும் கடைசியிலும் அளக்க வேண்டும். கடைசித் தடத்தில் விகிதம் மிகுந்தால் ஏரியல் நீளம் அதிகம். சில மில்லிமீட்டர் குறைக்கவும். முதல் தடத்தில் மிகுந்தால் குட்டை, நீட்டவும். இரண்டிலும் 1.5க்குக் கீழே வந்தால் போதும். சமவெளியில் வண்டிக்கு வண்டி ஐந்து முதல் பத்துக் கிலோமீட்டர் வரை பேச்சு தெளிவாக எட்டும்.

சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் மட்டும் ஒரு வேடிக்கை நடக்கும். அயனி மண்டலம் இந்த அலைகளைத் திருப்பி எறிவதால், எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவர் அறியாத மொழியில் பேசுவது உளுந்தூர்பேட்டைச் சாலையில் கணீரென்று கேட்கலாம். நான்கு கிலோமீட்டர் முன்னே செல்லும் கூட்டாளியின் குரல் அதில் அமுங்கிப்போகும். அப்போது 'ஸ்குவெல்ச்' திருகைச் சற்று ஏற்றி வைத்துவிட்டு, பொழுது சாயும் வரை பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.