வந்தவர் மீண்டும் வர வேண்டும்

வரலாறு என்றதும் அரசர், போர், உடன்படிக்கை என்றே உங்கள் உள்ளம் எண்ணும். பல்லாண்டு வரலாறு கற்பித்தவன் என்ற உரிமையோடு சொல்லுகிறேன், ஒரு சிறு மளிகைக் கடைக்கும் வரலாறு உண்டு. அத்தகைய கடையொன்றின் கதையையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கடைக்காரரின் கவலைகள் இரண்டு. வாடிக்கைக்காரரை வரவழைப்பது ஒன்று. வந்தவரை நிலைக்கச் செய்வது மற்றொன்று. முன்னதற்கு விலைக்குறைப்பும் ஒரு கைப்பிடிக் கொசுறும் போதும். பின்னதற்கு என்ன வேண்டும்? இவ்வினாவிற்கு விடை கண்டவர்கள் வாணிகத்தில் வல்லவர் அல்லர். ஏழை நெசவாளரும் பிற தொழிலாளருமே ஆவர்.

இங்கிலாந்தில் அந்நாளில் லங்காஷயர் பகுதியைச் சேர்ந்திருந்த ராச்டேல், கம்பளித் துணி நெய்த ஊர். 1840-களில் குறைந்த கூலியும் வேலையின்மையும் அவ்வூர் மக்களை வாட்டின. காசில்லாதவர் கடனுக்கு வாங்கினர். கடன்பட்டவர் வேறு கடைக்குச் செல்ல இயலாது. கொடுத்ததை வாய்திறவாது பெற்றுச் செல்ல வேண்டும். அந்நாளில் ரொட்டி வெண்மையாகத் தோன்றப் படிகாரம் சேர்த்தனர். பயன்படுத்திய தேயிலையை உலர்த்திச் சாயமேற்றி விற்றனர். அக்கும் என்னும் இரசாயன அறிஞர் 1820-ஆம் ஆண்டிலேயே இக்கலப்படக் கொடுமையை ஒரு நூலில் வெளிப்படுத்தியிருந்தார். கடன்பட்டவரும் நிலையான வாடிக்கைக்காரர்தாம். ஆனால் கட்டுத்தறியில் கட்டிய மாடு அகலாது நிற்பதை அன்பு என்று சொல்லலாமா?

இந்நிலையில் 28 பேர் கூடி, வாரந்தோறும் சில பென்ஸ் சேர்த்து, 28 பவுன் முதல் திரட்டினர். 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் மாலை, டோடு லேன் என்னும் தெருவில், ஒரு பண்டகசாலையின் கீழ்த்தளத்தில் கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே சரக்கு. தெருச் சிறுவர்கள் எள்ளி நகையாடினர்.

அதே ஊரில் 1833-இல் தொடங்கிய ஒரு கூட்டுறவுக் கடை, கடன் கொடுத்துக் கொடுத்தே இரண்டாண்டுகளில் மூடப்பட்டிருந்தது. அந்தப் பாடத்தை இவர்கள் மறக்கவில்லை. 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று நம் ஊர்க் கடைகளில் பலகை தொங்கும். நமக்கு அது வேடிக்கை. அவர்களுக்கு அதுவே விதி. கலப்படமற்ற சரக்கும் குறையாத நிறையும் அடுத்த விதிகள்.

கடன் தராத கடைக்கு ஏழை ஏன் வர வேண்டும்? இங்கேதான் அவர்களுடைய நுண்ணறிவு விளங்குகிறது. பொருளைச் சந்தை விலைக்கே விற்றனர். செலவும் முதலுக்குரிய வட்டியும் போக எஞ்சியதை, காலாண்டுதோறும், வாங்கிய அளவுக்கு ஏற்ப உறுப்பினர்க்குத் திருப்பித் தந்தனர். பவுனுக்கு 2 ஷில்லிங் பங்காதாயம் என்று கொள்வோம். 5 பவுனுக்கு வாங்கிய குடும்பத்திற்கு 10 ஷில்லிங், அதாவது அரைப் பவுன், திரும்பி வரும். கொசுறு கடைக்காரர் மனமிரங்கித் தருவது. பங்காதாயமோ வாங்குவோரின் உரிமை. மேலும், எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. பெண்களும் உறுப்பினராயினர். வாங்குவோரே கடையின் உடைமையாளர் ஆயினர்.

பங்காதாயத்தைச் சங்கத்திலேயே சேமிப்பாக விட்டுவைக்கவும் வழியிருந்தது. 1849-இல் அவ்வூர்ச் சேமிப்பு வங்கி முறிந்தபோது, மக்களின் நம்பிக்கை இந்தச் சிறு கடையின் பக்கம் திரும்பியது. 1845-இல் 74 ஆக இருந்த உறுப்பினர் தொகை 1850-இல் 600 ஆயிற்று. 1855-இல் 1,400 ஆயிற்று. 1854-இல், இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்க விதி செய்தனர். மாவு வாங்க வந்தவர் நூலும் படித்துச் சென்றார்.

இக்கூட்டுறவு நெறி கடல் கடந்தும் பரவிற்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இன்று பெருங்கடைகள் வாங்குவோர்க்குப் புள்ளி அட்டை வழங்குகின்றன. அது பங்காதாயத்தின் சாயலே. ஆயினும் அவ்வட்டை வைத்திருப்பவர் கடையின் கணக்கைக் கேட்க முடியாது, வாக்களிக்கவும் முடியாது. ராச்டேல் தொழிலாளர் தந்தவற்றுள் காசை மட்டும் எடுத்துக்கொண்டு, உரிமையை விட்டுவிட்டனர் பிற்காலத்தார்.

மாணவர்களே, நீங்கள் வழக்கமாகச் செல்லும் கடையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அங்கே மீண்டும் மீண்டும் செல்வது கடன்பட்டதனாலா, விலை குறைவு என்பதனாலா, நிறையும் தரமும் தவறா என்னும் நம்பிக்கையினாலா? நாளை உங்களுள் சிலர் கடை வைப்பீர்கள். அப்போது உங்கள் வாடிக்கைக்காரரும் இதே கேள்வியைக் கேட்பார். அவர் மூன்றாவது விடையைச் சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள்.