இரண்டாம் முறை புறப்பட்ட மூதாட்டி

நெடுந்தூரக் காட்டு நடைக்கு ஆயத்தஞ் செய்வது என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன கூடாரமும், துயிற்பையும், கனத்த தோற் சப்பாத்தும், நிலப்படமும் ஆகும். நேயர்களே, இன்று நான் கூற எடுத்துக்கொண்ட வரலாற்றில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. அறுபத்தேழு வயது மூதாட்டி ஒருவர், கசப்பான ஒரு தோல்விக்குப் பின்னர், பிள்ளைகளுக்குங் கூறாமல் தம்மை எவ்வாறு பயிற்றிக்கொண்டார் என்பதே அவ்வரலாறு.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் புறத்தே அப்பலாச்சியன் மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கின்றது. அம்மலைகளினூடே ஒரு நடைபாதை அமைதல் வேண்டுமென்று பெண்டன் மக்காய் என்னும் வனவியலாளர் 1921ஆம் ஆண்டில் எழுதினார். தொண்டர்கள் பலர் கூடிக் காடு வெட்டித் திறந்த அப்பாதை 1937இல் முழுமை பெற்றது. பதினான்கு மாநிலங்களை ஊடறுத்துச் செல்லும் அதன் நீளம் அந்நாளில் ஏறத்தாழ 2,050 மைல். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையுள்ள நம் தீவின் நீளத்தை ஏழு முறைக்கு மேல் அதனுள் அடக்கலாம். நகரத்துத் தொழிலாளர் சில நாள் காட்டுக் காற்றைச் சுவாசிக்கட்டும் என்பதே மக்காய் கொண்ட நோக்கம். ஒரே மூச்சில் முழுவதையும் நடந்து முடித்தல் கூடுமென நம்பியவர் மிகச் சிலரே.

அதனை முதலிற் செய்து காட்டியவர் ஏர்ல் ஷேபர் என்னும் இளைஞர். இரண்டாம் உலகப் போரிற் பசிபிக் தீவுகளிற் சேவை செய்து திரும்பியவர் அவர். சேர்ந்து நடப்போம் என்று பேசிக்கொண்டிருந்த நண்பரோ ஈவோ ஜீமாப் போரில் மாண்டுபோனார். 1948ஆம் ஆண்டு ஏப்பிரலிற் புறப்பட்டு, 124 நாளில் ஷேபர் மறுமுனையை அடைந்தார். போர்க்கால நினைவுகளை நடந்தே தீர்க்க விரும்பினார் என்பர்.

எம்மா கேற்வூட் அம்மையார் அத்தகைய இளைஞரல்லர். 1887இல் ஒகாயோ மாநிலத்திற் பிறந்தவர். பண்ணை வேலையிலே உடல் உரமேறியவர். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கணவர் கைநீட்டி அடிக்கும் இயல்பினர். அடி பொறுக்கமாட்டாத வேளைகளில் அம்மையார் காட்டுக்குள்ளே சென்று ஒதுங்கியிருப்பாராம். அந்த மணவாழ்வு ஈற்றில் விவாகரத்தில் முடிந்தது. காடு அவருக்கு அச்சந் தரும் இடமாக இல்லாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று எனக்குத் தோன்றுகின்றது.

நெஷனல் ஜியோகிராபிக் சஞ்சிகை 1949இல் வெளியிட்ட கட்டுரையொன்று அவர் கண்ணிற் பட்டது. பாதை அகலமானது, நன்கு அடையாளமிடப்பட்டது, இரவுதோறும் தங்குவதற்குக் குடில் உண்டு என்னும் எண்ணத்தை அக்கட்டுரை அவருக்கு ஊட்டிவிட்டது. அதை நம்பி 1954ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வடமுனையாகிய மேயின் மாநிலத்துக் கட்டாடின் மலையிலிருந்து புறப்பட்டார். சில நாளிலேயே வழி தவறினார். மூக்குக்கண்ணாடி உடைந்தது, உணவு தீர்ந்தது. தேடிப் புறப்பட்ட வனக்காவலர்களை ஒருவாறு சந்தித்தபோது, வீட்டுக்குத் திரும்பிப் போகும்படி அவர்கள் கூறினர். திரும்பிவிட்டார். பிள்ளைகளிடம் மூச்சுவிடவில்லை.

உண்மையான ஆயத்தம் இங்கேதான் தொடங்குகின்றது. 1955ஆம் ஆண்டு பிறந்ததும், தாம் குடியிருந்த இடத்துத் தெருக்களைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் தூரத்தைச் சிறிது கூட்டினார். கால்களில் எரிவு தோன்றும் வரை நடப்பது அவர் கணக்கு. ஏப்பிரல் மாதமளவில் நாளொன்றுக்குப் பத்து மைல் நடக்கும் நிலையை எட்டினார். எவரேனும் கண்டால், கிழவி காற்று வாங்கப் போகிறாள் என்று எண்ணியிருப்பர்.

மற்றையது சுமை. முரட்டு டெனிம் துணியிலே பையொன்றைத் தம் கையாலே தைத்தார். ஒரு கம்பளிப் போர்வை, மழை வந்தாற் போர்த்துக்கொள்ளக் குளியலறைத் திரையாகிய பிளாஸ்ரிக் சீலை, மின்சூள், சிறு கத்தி, அயடீன் மருந்து, உலர்ந்த முந்திரிகை, கச்சான், பால்மா ஆகியவை அதனுட் சென்றன. முழுவதுஞ் சேர்ந்து இருபது இறாத்தலை எட்டவில்லை. காலிலே றப்பர் அடிவைத்த கன்வஸ் சப்பாத்து. இரண்டாயிரம் மைலுக்கு வேண்டிய உணவை எவராலும் சுமக்க இயலாது. பாதை இடையிடையே ஊர்களை அண்டிச் செல்வதால் அங்கங்கே வாங்கிக்கொள்ளலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். உண்ணத்தக்க காட்டுப் பூண்டுகளைப் பற்றிய அறிவு பண்ணை வாழ்வு தந்த முதுசொம்.

பிள்ளைகளிடம் கூறியது, நடந்துவரப் போகிறேன் என்பது மாத்திரமே. அவர் வாயிலிருந்து வந்தது பொய்யன்று, முழு உண்மையுமன்று. அதனையும் ஆயத்தத்தின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன். தடுக்கப்படுவோம் என்று அறிந்தவர், தடுப்பவர்க்கு இடம் வைக்கவில்லை.

1955 மே 3ஆந் திகதி, இம்முறை அந்நாளில் தென்முனையாக இருந்த யோர்ச்சியாவின் ஓகில்தோர்ப் மலையிலிருந்து நடக்கத் தொடங்கினார். கடினமான மேயின் காட்டை உடல் பழகிய பின் இறுதியில் எதிர்கொள்வது நல்லதென்பது, முந்திய ஆண்டு அதிலே முதலில் நுழைந்து இடறியவருக்கு விளங்காமலிராது. குளிரில் தட்டையான கற்களை நெருப்பிற் சூடாக்கி அவற்றின்மேற் படுத்தார். அறியாதவர் வாயிற்படிகளிலே தங்க இடங் கேட்டார், கொடுத்தவருமுண்டு, கதவடைத்தவருமுண்டு. கூடாரமொன்று இருந்திருந்தால் எத்தனையோ ஈர இரவுகள் இலகுவாகக் கழிந்திருக்கும். ஆதலால் அவர் பையைப் பார்த்து அப்படியே படியெடுக்குமாறு எவருக்கும் நான் சொல்லமாட்டேன். ஓகஸ்ட் மாதத்தில் இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்து வந்து ஆறுகளைப் பெருக்கெடுக்கச் செய்தன. வேமன்ற் மாநிலத்திற் பொங்கிய நீரோட்டமொன்றின் கரையில் அம்மையார் தயங்கி நின்றபோது, கடற்படை இளைஞர் இருவர் கயிற்றால் அவரைத் தம்மோடு பிணைத்துக் கடத்திவிட்டனர். எவ்வளவு பயின்றாலும் இத்தகைய இடம் ஒன்று வந்தே தீரும்.

செப்ரெம்பர் 25ஆந் திகதி, 146ஆம் நாள், முந்திய ஆண்டு திருப்பியனுப்பப்பட்ட அதே மாநிலத்திலே கட்டாடின் உச்சியில் ஏறி நின்றார். உடலில் ஏறக்குறைய முப்பது இறாத்தல் குறைந்திருந்தது. அப்பாதை முழுவதையுந் தனியாக ஒரே பயணத்தில் நடந்து முடித்த முதற் பெண் அவரே. பத்திரிகையாளர் சூழ்ந்தபோது, தம்மைப் புகழ்வதிலும் பாதையைக் குறைகூறுவதிலேயே அவர் ஊக்கங் காட்டினார்: விழுந்த மரங்கள் அகற்றப்படவில்லை, அடையாளங்கள் அழிந்து கிடக்கின்றன, சஞ்சிகை சொன்னது வேறு, கண்டது வேறு. அவர் பேச்சு பாதையின்பால் மக்கள் கவனத்தை ஈர்த்துப் பராமரிப்புக்கும் உதவிற்று.

1957ஆம் ஆண்டில் அவர் மீண்டும் ஒருமுறை யோர்ச்சியாவிலிருந்து மேயின் வரை நடந்தார். காரணங் கேட்டவர்களுக்கு, முதன்முறை காணத் தவறிய சிலவற்றைப் பார்த்துவர விரும்பியதாகக் கூறினார்.