அணையா விளக்கும் பங்குனி ஆமையும்

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் பல்லவர் காலம் தொட்டுப் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பல, விளக்கெரிக்கப் பொன்னும் ஆடும் அளித்தோரின் ஆவணங்கள். அத்தகைய ஆடுகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கும். தனி ஆடு சாகும், மந்தை சாகாது. இறந்ததற்கு ஈடாகக் குட்டி சேரும், நெய் தடைப்படாது. மூலதனம் குறையாமல் விளைவைக் கொண்டு அறம் நடத்துவதே கட்டளை என்பதன் உட்பொருள். இதே கோயிலில், வியாகரணதான வியாக்கியான மண்டபத்தில் பாணினியின் இலக்கணம் கற்பிக்கவும், கற்போரையும் கற்பிப்போரையும் பராமரிக்கவும் நிலம் விடப்பட்டிருந்தது. கல்விக்கு நீண்டகால வருவாய் வேண்டும் என்பதை இவ்வூர் அன்றே அறிந்திருந்தது.

சூழல் கல்விக்கு நம் காலத்தில் அத்தகைய கட்டளை வாய்த்ததா? சென்னையின் ஆமை நடையை எண்ணிப் பார்க்கலாம். 1970களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சார்ந்த இளைஞர்களும் நகரின் தென்கரையில் இரவுதோறும் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடினர். அவர்களுள் ஒருவரான சதீஷ் பாஸ்கர், உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளை அளித்த உதவியுடன் நாட்டின் கரைகளில் ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1982இன் மழைக்காலத்தை இலட்சத்தீவின் ஆளற்ற சுகேலித் தீவில் தனித்தே கழித்தார். எண்பதுகளில் வனத்துறை நடத்திய பொரிப்பகங்கள் நின்றபின், 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு தோன்றியது. ஊதியமில்லை. முட்டைகளைக் குழியிலிருந்து எடுத்து, வேலியிட்ட மணலில் மீண்டும் புதைத்து, ஏறத்தாழ நாற்பத்தைந்து நாள் காத்திருந்து, குஞ்சுகளைக் கடலில் விடுவதே பாடத்திட்டம்.

பங்குனி ஆமை முட்டையிடும் பருவம் எய்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். நிதித் திட்டங்களோ பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன. இன்று விட்ட குஞ்சு தாயாகத் திரும்பும்போது, அதற்குப் பணம் தந்த திட்டத்தின் கோப்பே இராது. ஆமை நடை நிலைத்தது பெருங்கொடையால் அன்று. ஒரு தலைமுறை மாணவர் விலக, அடுத்த தலைமுறை வந்து சேர்ந்ததால். மனிதரே அங்கே சாவா மூவாப் பேராடு.

ஆனால் அந்த நடைக்கு மணல் வேண்டும். 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தது. மெரினா அகன்றது, இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையைக் கடல் அரித்தது. இன்று திருவொற்றியூரில் நாம் காண்பது பெரும்பாலும் கருங்கல் குவியல். அதன்மேல் ஏறி முட்டையிட ஆமையால் இயலாது. 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்தொதுங்கின.

வடகரைக்குச் சூழல் பாடம் வேறு வடிவில் வந்தது. 2017 சனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, தொண்டர்களும் பணியாளர்களும் அதனை வாளியால் அள்ளினர். 2023 திசம்பரில், மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்களே குவளைகளோடு படகில் இறங்கினர். இதுவும் கைப்பழக்கக் கல்விதான். யாரும் விரும்பிச் சேராத பள்ளி. விபத்தின்போது வரும் நிவாரணம், விபத்தோடு முடிந்துவிடும்.

கொற்றலையாற்றின் கழிமுகமும் அலையாத்திச் செடிகளும் இன்னும் எஞ்சியிருக்கின்றன. நீரின் போக்கையும் இறால் பருவத்தையும் அறிந்த மீனவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. அவர்களிடம் ஊர்ப்பிள்ளைகள் ஆண்டுதோறும் கற்க, மூலதனம் கரையாத ஒரு கட்டளை வேண்டும். அதை எப்படி எழுதுவதென்பதற்கு முன்மாதிரி, கோயில் சுவரில் எழுத்து வடிவிலேயே நிற்கிறது.