அப்பாவின் 32 எம்பியும் என் 8 ஜிபியும்

மட்டாஞ்சேரியில் மழை பிடித்துக்கொண்டால் வெளியே தலை காட்ட முடியாது. போன மாதம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டியிலிருந்து தூக்கி வந்த அப்பாவின் கம்ப்யூட்டரைத் தூசி தட்டிப் போட்டேன். 1999-ல் வாங்கியது. விண்டோஸ் 98. ஆச்சரியம், ஓடியது!

மகள் ரேம் அளவைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "வெறும் 32 எம்பியாப்பா? உன் லேப்டாப்புல 8 ஜிபி இருந்தும் பத்தலைன்னு புலம்புறே. தாத்தா எப்படிச் சமாளிச்சார்?"

256 மடங்கு. நியாயமான கேள்விதான். விண்டோஸ் 95 கேட்ட குறைந்தபட்ச நினைவகம் 4 எம்பி. 98 கேட்டது 16. எக்ஸ்பி (2001) 64, விஸ்டா (2007) 512, விண்டோஸ் 11 (2021) 4 ஜிபி. 26 வருடத்தில் 1024 மடங்கு. மென்பொருள்காரன் என்ற முறையில் "எல்லாம் சோம்பேறித்தனம்" என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அப்பாவின் கடிதங்கள் விடவில்லை.

நான் கொச்சிக்கு வந்த புதிதில் முரசு அஞ்சலில் தட்டி எனக்கு மின்னஞ்சலில் அனுப்பியவை, மொத்தம் 43. அப்பா இப்போது இல்லை. டிஸ்க்கைக் கழற்றிக் கொட்டாரத்துக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்து, என் லேப்டாப்புக்கு மாற்றித் திறந்தால்... புள்ளியும் கோடும் வைத்த ஆங்கில எழுத்துக் குப்பை. கடைக்காரர் "வேஸ்ட் ஆணு சேட்டா" என்றார்.

வேஸ்ட் இல்லை, அது திஸ்கி. (பதிவர்கள் கடைசியில் போடும் டிஸ்கி வேறு!) அதில் ஒரு குறிக்கு ஒரே பைட். 'அம்மா' என்றால் 4 பைட். 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பு, க, கால் என்று வரைகிற வரிசையிலேயே வைத்துவிடும். எழுத்துரு மட்டும் இருந்தால் போதும், இயங்குதளத்துக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரிய வேண்டாம். எழுத்துரு இல்லையா, போச்சு.

யுனிகோடில் 'அம்மா' விண்டோஸ் உள்ளே 10 பைட், யுடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். 'கொ'வை க, அதன் பின் ஒகரக் குறி என்று சேமித்து, திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம், காலை வலப்பக்கம் பிரித்துப் போட ஒரு தனி இயந்திரமே உள்ளே ஓட வேண்டும். விண்டோஸ் 2000-த்தில்தான் லதா எழுத்துருவோடு இது தமிழுக்கு வந்தது. எக்ஸ்பியில் சிடியைத் தேடிப் போட்டு ஒரு கட்டத்தை டிக் அடித்தால் "10 எம்பி அல்லது அதற்கு மேல் டிஸ்க்கில் இடம் வேண்டும்" என்று கேட்குமே, ஞாபகம் இருக்கிறதா? விஸ்டாவிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. தமிழ் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அரபி, தாய், சீனம் எல்லாமும்தான்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால் எழுத்து தின்பது கொறிப்புதான். பெருந்தீனி திரை. 640க்கு 480 புள்ளி, 256 நிறம் என்றால் ஒரு திரைக்கு 300 கேபி. இன்றைய 1920க்கு 1080 திரைக்கு, புள்ளிக்கு 4 பைட் வீதம், கிட்டத்தட்ட 8 எம்பி. அப்பாவின் மொத்த ரேமில் கால் பங்கு! அதோடு முடியவில்லை. விஸ்டா வந்தபின் திறந்திருக்கும் ஒவ்வொரு சன்னலின் படமும் தனித்தனியாக நினைவகத்தில் இருக்கிறது.

அடுத்தது பாதுகாப்பு. விண்டோஸ் 98-ல் முக்கியமான சில பகுதிகளை எல்லா நிரல்களும் பங்கு போட்டுக்கொண்டன. ஒன்று உளறினால் நீலத் திரை, மொத்தமும் காலி. எக்ஸ்பியிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் கறாரான தடுப்புச் சுவர் வந்தது. 2008-ல் வந்த குரோம், தாவல்களையே தனித்தனி அறைகளில் பூட்டியது. சுவர் வைத்தால் இடம் போகத்தான் செய்யும்.

இன்னொன்று, 'நிரம்பியிருக்கிறது' என்பதையே நாம் தப்பாகப் படிக்கிறோம். இங்கே பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு வைக்கும் பாண்டிகசாலைகளைப் பாருங்கள். காலியாகக் கிடந்தாலும் கிடங்குக்கு வாடகை உண்டு. ரேமும் அப்படியே, சும்மா கிடந்தால் லாபமில்லை. அதனால் அடிக்கடி திறக்கும் கோப்புகளை இயங்குதளம் அங்கே அடுக்கி வைக்கிறது. வேறு நிரல் இடம் கேட்டால் உடனே ஒதுங்கிக் கொடுக்கும்.

எங்கள் ஆட்களின் சோம்பேறித்தனம்? உண்டு, மறைக்கவில்லை. ரேம் விலை சரியச் சரிய, ஒரு அரட்டைச் செயலிக்குள் முழு உலாவியையே வைத்துக் கட்டுகிறோம். அதற்கு நானும் உடந்தை.

எழுத்துரு மாற்றியில் போட்டதும் முதல் கடிதம் 4 கேபியிலிருந்து 10 கேபியைத் தாண்டியது. லேப்டாப்பில் எதையும் நிறுவாமலே மகள் படித்தாள். "இதோடு மூன்றாவது தடவை தட்டுகிறேன். இரண்டு தடவை நீலத்திரை வந்து எல்லாம் போய்விட்டது. அம்மா சிரிக்கிறாள்."

இன்னும் 42 இருக்கிறது. நானே மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. மவுஸ் இப்போது அவள் கையில்.