கைநீட்டும் ஆண்களோடு பணிபுரிவோருக்கான பயிற்சி (சிங்கப்பூர்)

மனைவியையோ பிள்ளைகளையோ பெற்றோரையோ அடித்தும் மிரட்டியும் வரும் ஆண்களைச் சந்தித்து, அந்த வன்முறையை நிறுத்தவைக்க முயலும் சமூகப் பணியாளர், ஆலோசகர், உளவியலாளர் ஆகியோருக்குத் தரப்படும் தொழில்முறைப் பயிற்சி. சிங்கப்பூரில் இது படிப்படியாகத் திட்டமிட்டு வளர்ந்த துறை என்று சொல்ல முடியாது. ஆலோசனைக்குப் போகச்சொல்லி ஆணையிடும் சட்டம் முதலில் வந்தது. அந்த ஆணையோடு வந்து நிற்கும் ஆணிடம் என்ன பேசுவது என்பது அதன் பிறகே ஒரு தனித் தொழிற்கலையாக உருவெடுத்தது.

திருமணத்தில் பெண்களின் உரிமையைக் காக்கும் சட்டமாக 1961இல் நிறைவேறிய மாதர் சாசனத்துக்கு அன்று இருந்த முதல் கவலை பலதார மணம். ஷிரின் ஃபோஸ்தார் முன்னின்று 1952இல் தொடங்கிய சிங்கப்பூர் மாதர் மன்றம் போராடியதும் முக்கியமாக அதை ஒழிக்கத்தான். வீட்டுக்குள் விழும் அடி குடும்ப விவகாரமாகவே வெகுகாலம் பார்க்கப்பட்டது. 1995இல் நியமன நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் கன்வல்ஜித் சொயின் குடும்ப வன்முறை மசோதா ஒன்றைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். தொழிலால் அவர் கை அறுவை மருத்துவர். மசோதா தோற்றது. ஆனால் அது கிளப்பிய விவாதம் வீண்போகவில்லை. மறு ஆண்டே மாதர் சாசனம் திருத்தப்பட்டு, 1997 மே 1 முதல் நடப்புக்கு வந்தது.

அந்தத் திருத்தம் குடும்ப வன்முறைக்கு வரையறை தந்தது. காயப்படுத்துவது, காயப்படுத்தப்போவதாக அச்சுறுத்துவது, அடைத்துவைப்பது, ஓயாமல் தொல்லை கொடுப்பது ஆகியவை அதில் அடங்கின. தனிநபர் பாதுகாப்பு ஆணை வலுப்பெற்றது. குடும்ப வன்முறை குறித்த அந்தப் பிரிவு சமய வேறுபாடின்றி முஸ்லிம் குடும்பங்களுக்கும் பொருந்தியது. இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது அதிலிருந்த ஒரு சிறு உட்பிரிவு: பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கும் நீதிமன்றம், வன்முறை செய்தவரையோ பாதிக்கப்பட்டவரையோ பிள்ளைகளையோ ஆலோசனைக்குப் போகும்படி உத்தரவிடலாம். ‘கட்டாய ஆலோசனை’ என்று இன்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

சிங்கப்பூரில் சமூகப் பணிக் கல்வி புதிதல்ல. அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1952இலேயே தொடங்கியது. ஆனால் அந்தக் கல்வி, உதவி கேட்டு வருபவரை மனத்தில் வைத்து அமைந்தது. நீதிமன்றம் அனுப்பிவைத்த ஆண் உதவி கேட்டு வருவதில்லை. கையைக் கட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தன்மீது புகார் கொடுத்ததே மனைவி செய்த துரோகம் என்று நம்புவார்.

இப்படிப்பட்டவரோடு வேலைசெய்யும் முறைகள் வெளிநாட்டில் ஏற்கெனவே உருவாகியிருந்தன. 1977இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், புகலிடங்களில் வேலைபார்த்த பெண்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் ஆண்கள் சிலர் ‘எமர்ஜ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் 1981இல் தொடங்கிய திட்டம் அதைவிடப் பெரிய செல்வாக்குப் பெற்றது. எலன் பென்ஸ், மைக்கேல் பேமர் ஆகியோர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் அந்த முறை, அடியைக் கோபத்தின் வெடிப்பாகப் பார்க்கவில்லை. மனைவியை அடக்கியாளும் ஒரு முழு ஏற்பாட்டின் பகுதியாகப் பார்த்தது. பணத்தைக் கையில் கொடுக்காதிருப்பது, உறவினரிடமிருந்து பிரிப்பது, பிள்ளைகளைக் காட்டி மிரட்டுவது எல்லாம் அந்த ஏற்பாட்டின் ஆரங்கள் என்று ஒரு சக்கரப் படமாகவே வரைந்து காட்டினார்கள். பயிற்சி அறைகளில் இன்றும் அந்தப் படம் இருக்கிறது. ஆண்களை ஒரே அச்சில் வார்க்கிறது, மன உளைச்சலையும் குழந்தைப்பருவக் காயங்களையும் கணக்கில் எடுப்பதில்லை என்ற விமர்சனமும் அதற்கு உண்டு. அந்தப் பார்வையிலும் இந்த விமர்சனத்திலும் உண்மை இருக்கிறது.

சிங்கப்பூரில் இந்த வேலைக்கென்றே ஒரு நிலையம் 1999இல் அமைந்தது. ஆங் மோ கியோவில் தொடங்கிய ‘பேவ்’ நிலையத்தைக் கட்டியெழுப்பியவர் சமூகப் பணியாளர் டாக்டர் சுதா நாயர். அடிபட்டவர், அடித்தவர், பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை ஆகிய மூவரையும் ஒரே நிறுவனம் தனித்தனியாகக் கவனிப்பது அதன் அமைப்பு. பின்னர் ‘டிரான்ஸ் சேஃப்’ நிலையமும் கேர் கார்னர் அமைப்பின் ‘புராஜெக்ட் ஸ்டார்ட்’டும் இதே துறையில் சிறப்பு நிலையங்களாயின. காவல்துறை, நீதிமன்றம், மருத்துவமனை, குடும்ப சேவை நிலையம் ஆகியவற்றை இணைக்கும் தேசிய வலையமைப்பு 1996 முதலே இருந்தது. இத்தொழிலுக்குரிய நுட்பங்களில் பெரும்பகுதியை இந்நிலையங்களின் பணியாளர்கள் வேலையினூடேதான் கற்றார்கள்.

அந்த நுட்பங்களில் முதலாவது, தலையாட்டாமல் கேட்பது. ஆலோசகருக்குத் தலையசைத்துக் கேட்பது இரண்டாம் இயல்பு. ஆனால் “அவ வாய் சும்மா இருந்திருந்தா நான் ஏன் கைய நீட்டப்போறேன்” என்பவர் முன் தலையசைந்தால், வீட்டுக்குப் போய், “கவுன்சிலரே ஒத்துக்கிட்டாரு” என்பார். மறுத்துச் சீறினால் அடுத்த வாரம் வரமாட்டார். ஆகவே பயிற்சியில் ஒருவர் கணவராக நடிக்க, மற்றவர் கேள்வி கேட்டுப் பழகுவார். “லேசா ஒரு தட்டு” என்று கணவர் சொன்னதும், ‘ஏன் அடித்தீர்கள்’ என்று கேட்கக் கூடாது. ஏன் என்ற கேள்வி காரணங்களை வரிசையாகக் கொண்டுவரும். எந்தக் கையால், எந்த இடத்தில், மனைவி அப்போது எங்கே நின்றார், கதவு திறந்திருந்ததா, மகன் எங்கே இருந்தான், பிறகு யார் முதலில் பேசினார்கள் என்று போக வேண்டும். ‘தட்டு’ மெதுவாகத் தன் உண்மை அளவுக்கு வளரும். மகன் நின்ற இடத்தைச் சொல்லும்போதுதான் பல ஆண்களுக்கு முதல்முறையாகக் குரல் கம்முகிறது.

இரண்டாவது நுட்பம் தமிழ்க் குடும்பங்களின் பழக்கத்துக்கு நேர் எதிரானது. இருவரையும் உட்காரவைத்துப் பேசி முடித்துவைப்பதுதான் நம் பெரியவர்களுக்குத் தெரிந்த வழி. ஆபத்து தீராத நிலையில் கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைக்கக் கூடாது என்று பயிற்சி சொல்கிறது. அங்கே மனைவி உண்மையைச் சொன்னால் இரவு வீட்டில் அதற்கு விலை கொடுப்பார். சொல்லாவிட்டால் ஆலோசனையே வெறும் நாடகமாகும். எனவே மனைவியிடம் தனியாகப் பேசுவார்கள். அவர் சொன்னது கணவர் காதுக்கு எந்த வழியிலும் போகக் கூடாது. கணவர் மாறிவிட்டாரா என்பதற்குக் கணவரே தரும் வாக்குமூலம் மட்டும் போதாது.

கற்றுத்தரும் கருவியே ஆயுதமாகத் திரும்புவதையும் பயிற்சி பெறுபவர் அறிந்திருக்க வேண்டும். சண்டை முற்றும்போது விலகிப்போய் ஆறி வாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தால், சிலர் அதைப் பிடித்துக்கொண்டு, மனைவி வீட்டுச் செலவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுமே புளோக்குக்குக் கீழே இறங்கிவிடுவார்கள், நள்ளிரவில்தான் திரும்புவார்கள்.

லிட்டில் இந்தியாவை வைத்து இந்தப் பிரச்சினையைப் பார்ப்பவர்கள் ஒரு தவறு செய்வதுண்டு. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் திரளும் வெளிநாட்டு ஊழியர்களில் பெரும்பாலோரின் குடும்பம் இங்கே இல்லை. கட்டாய ஆலோசனைக்கு வரும் தமிழ் ஆண் பெரும்பாலும் தீவெங்கும் பரவியுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் குடும்பத்தோடு வாழ்பவர். இந்தியக் குடும்பங்களுக்கு உதவ 1991இல் அமைந்த சிண்டா, லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி சாலையிலிருந்து குடும்ப சேவை நிலையம் நடத்துகிறது. தாய்மொழியில் பேசுவது இந்த வேலையில் வெறும் வசதி அன்று. ஆங்கிலத்தில் நாகரிகமாக விடை சொல்லும் ஒருவர், வீட்டில் எந்தச் சொல்லால் மனைவியைத் திட்டினார் என்பது தமிழில்தான் வெளியே வரும்.

2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்த இடம் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரமானது. 2015 முதல் தீவு முழுவதும் இரவு 10.30 மணிக்குப் பின் பொது இடத்தில் குடிக்கத் தடை உண்டு. வீட்டில் விழும் அடி உட்பட எல்லாவற்றுக்கும் குடிதான் காரணம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமானது. பயிற்சி அதை அப்படியே ஏற்பதில்லை. குடி அடியைக் கொடூரமாக்கலாம். ஆனால் குடித்துவிட்டுச் சூப்பர்வைசரை அடிக்காதவர் மனைவியை மட்டும் அடிக்கிறார் என்றால், குடியை நிறுத்தவைப்பது பாதி வேலைதான். தமிழ்நாட்டிலிருந்து மணமுடித்து வந்த பெண்ணாக இருந்தால் இன்னொன்றையும் கேட்கப் பழக வேண்டும்: அவருடைய பாஸ்போர்ட் யாருடைய அலமாரியில் இருக்கிறது? “விசாவ கேன்சல் பண்ணிருவேன்” என்ற ஒரு வரி, கை ஓங்காமலே வேலை செய்யும்.

ஒப்பீட்டுக்கு, இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமும் ஆலோசனைக்கு உத்தரவிட நடுவருக்கு அதிகாரம் தருகிறது. அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரரை ஆலோசனையில் அனுமதிக்கக் கூடாது என்று அதன் 2006 விதிகள் சொல்கின்றன. நல்ல விதி, ஆனால் நியாயம் கற்பிக்காமல் எந்த ஆணும் பேசத் தொடங்குவதில்லை என்பதால், அதை நிறைவேற்ற விதியைவிடப் பயிற்சியே தேவை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதில் இன்னும் ஒரு படி போயிற்று. அங்கே 2016இல் குடும்ப வன்முறை குறித்த அரச ஆணையம் 227 பரிந்துரைகள் தந்தது. ஆண்களோடு வேலைசெய்வோருக்கெனப் பட்டப்பின் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு.

இந்த வேலைக்குப் பலன் உண்டா என்பது தீராத வாதம். 2004இல் வெளியான ஓர் அமெரிக்கத் தொகுப்பாய்வு, பலன் சிறிதே என்றது. 2015இல் முடிந்த பிரிட்டனின் ‘மிராபல்’ ஆய்வு கேள்வியையே மாற்றியது: அடி நின்றதா என்பதோடு நிற்காமல், மனைவிக்குத் தன் விருப்பப்படி நடமாட இடம் கிடைத்ததா, பிள்ளைகள் பாதுகாப்பாக உணர்கிறார்களா என்றும் கேட்டது. அது கண்ட பலன் கூடுதல். அளவுகோலை யாரிடம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

சிங்கப்பூரில் அடுத்த பெரிய மாற்றம், 2020இல் சுன் ஷுவெலிங், முகமது ஃபைஷால் இப்ராஹிம் இருவரும் இணைத் தலைவர்களாக இருந்த குடும்ப வன்முறைப் பணிக்குழுவோடு வந்தது. 2021 செப்டம்பரில் அது 16 பரிந்துரைகள் தந்தது. 2023 ஜூலையில் மாதர் சாசனம் மீண்டும் திருத்தப்பட்டு, குடும்ப வன்முறைக்கான பிரிவுகள் 2025 ஜனவரி 2 முதல் நடப்புக்கு வந்தன. உடல், பாலியல், மனவழிக் கொடுமைகள் மூன்றும் வரையறையில் வெளிப்படையாக இடம்பெற்றன. மனநோய் வன்முறைக்குக் காரணமாக இருந்தால், வன்முறை செய்தவருக்குக் கட்டாய மருத்துவச் சிகிச்சைக்கும் நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆபத்து மிகுந்த வீடுகளுக்குக் காவல்துறையினரோடு சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் அவசரக் குழுவும் போகிறது.

இதனால் பயிற்சியின் களமும் இடம் மாறியிருக்கிறது. முன்பு அந்த ஆணோடு முதல் உரையாடல், ஆணை பிறந்து வாரங்கள் கழித்து, கதவு மூடிய அறையில் நடந்தது. இப்போது அது அடி விழுந்த சில மணி நேரத்திலேயே, அண்டை வீட்டார் எட்டிப்பார்க்கும் தாழ்வாரத்தில், இன்னும் வியர்வை காயாத ஒருவரோடு நடக்கலாம். அங்கே எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது, அவருடைய மனைவியை எந்தப் பக்கம் அழைத்துப் போய்ப் பேசுவது என்பதெல்லாம் தனிப் பாடமாகக் கற்க வேண்டியவை.