மூன்று தலை மூவியோலா

ஒரே நிகழ்வைப் பல கேமராக்கள் பதிவு செய்திருந்தால், அவற்றின் காட்சிகளைக் கணினித் திரையில் கட்டம் கட்டமாக ஒருசேர ஓடவிட்டு, வேண்டிய கோணத்தைத் தொட்டுத் தொகுக்க இன்றைய மென்பொருள்கள் இடமளிக்கின்றன. ஃபைனல் கட் புரோவில் 2005ஆம் ஆண்டிலும், அடோபி பிரீமியர் புரோவில் 2006ஆம் ஆண்டிலும் இவ்வசதி வந்தது. ஆயினும் இம்முறையின் வேரைத் தேடினால், கணினி புகாத காலத்து இரும்பு இயந்திரம் ஒன்றிடம் சென்று சேர்வோம்.

1951இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகங்கள் பலவும் நியூயார்க்கிலிருந்து நேரடியாகவே ஒளிபரப்பாயின. அங்கும் கேமராக்கள் பல இருந்தன. ஆனால் எந்தக் கோணத்தைக் காட்டுவதென்று இயக்குநர் அந்தக் கணமே முடிவெடுத்தாக வேண்டும். அவர் தேர்ந்தெடுக்காத கோணம் எங்கும் பதிவாகாமல் மறைந்தே போயிற்று.

'ஐ லவ் லூசி' தொடருக்காக ஹாலிவுட்டை விட்டு நகர லூசில் பால், தேசி ஆர்னாஸ் தம்பதியர் இசையவில்லை. அங்கிருந்தே நேரடியாக நடத்தினால், நேயர் மிகுந்த கிழக்குப் பகுதிக்கு, தொலைக்காட்சித் திரையைப் படம்பிடித்த 'கைனஸ்கோப்' என்னும் மங்கிய நகலே கிட்டும். எனவே 35 மி.மீ. படச்சுருளில் எடுக்க முடிவாயிற்று. செலவு கூடியதால் தம்பதியர் தம் ஊதியத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு, படச்சுருள்களின் உரிமையைப் பெற்றனர்.

நடிப்போ, ஏறத்தாழ 300 பார்வையாளர் முன்னிலையில். முதன்முறை எழும் சிரிப்பு மறுமுறை அவ்வாறே எழாது. ஆகவே மூன்று கேமராக்கள் ஒரே வேளையில் சுழன்றன. 'மெட்ரோபோலிஸ்' (1927) படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவரான கார்ல் ஃபிராய்ண்ட், மூன்று கோணங்களுக்கும் பொருந்துமாறு மேலிருந்து சீரான ஒளியை அமைத்தார். இதற்கு முன்பும் சிலர் இவ்வாறு முயன்றதுண்டு. எனினும் இம்முறையை நிலைநாட்டியது இத்தொடரே.

மூன்று மடங்கு படச்சுருளைத் தொகுப்பது எப்படி? தொகுப்பாளர் டான் கானுக்கு, மூன்று படத் தலைகளும் ஓர் ஒலித் தலையும் கொண்ட மூவியோலா இயந்திரம் கிடைத்தது. மூன்று காட்சிகளும் ஒரே ஒலியோடு இணைந்து ஓடின. அதன் உருவத்தைக் கண்டு அதற்கு 'பூதம்' என்றே பெயரிட்டனர். இன்றைய மென்பொருள், துளையிட்ட படச்சுருளுக்கு மாற்றாக நேரக் குறியீட்டையோ ஒலி அலைகளின் ஒப்புமையையோ கொண்டு காட்சிகளை இணைக்கிறது. அடிப்படை மட்டும் மாறவில்லை.

இந்த இயந்திரத்தால் வேலை எளிதாயிற்று என்று மட்டும் சொன்னால் போதாது. ஒரு கணத்தில் எடுத்துத் தீர வேண்டியிருந்த முடிவை அது நிதானமான மறுபரிசீலனைக்கு உரியதாக்கியது. லூசில் பாலின் முகக் கோணலைக் காட்டுவதா, அதைக் கண்டு திகைக்கும் கணவரைக் காட்டுவதா என்பதைத் தொகுப்பாளர் திரும்பத் திரும்பப் பார்த்துத் தீர்மானிக்கலாம். நடிப்பு ஒருமுறைதான் நிகழ்ந்தது. அதைப் பார்க்கும் வழிகளோ மூன்றும் அழியாமல் தொகுப்பு மேசை வரை வந்து சேர்ந்தன. அன்று சுருளில் பதிந்த சிரிப்பை எழுபது ஆண்டுகள் கடந்தும் தெளிவாகக் கேட்கிறோம் என்றால், அதற்கு அந்தப் பூதத்துக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.